பந்து கடலுக்குப் போனால்

இடைவேளைக்குக் கொடுத்த பிளேன்ரீயும் பணிசும் முடிந்து பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று பேர்தான் முன்னுக்கு வந்து நின்றார்கள்.

"ஹஸ்னா எங்கை?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இப்ப இதிலைதான் நிண்டவ, ரீச்சர்" என்றான் டிலக்சன்.

மன்னார்த் தீவின் தென்கரை. தலைமன்னாருக்குப் போகும் வழியில், காற்றாலைகள் வரிசையாக நிற்கும் பக்கம். அயல் பள்ளிக்கூடங்கள் இரண்டிலிருந்தும் சின்னப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெற்றோர் மேலே கட்டியிருந்த தறப்பாள் நிழலில் இருந்தார்கள். வாடைக் காற்றுக் காலம். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. தென்கரையில் அந்த மாதங்களில் கடல் சட்டியில் வைத்த பால் மாதிரிக் கிடக்கும்.

"ஹஸ்னா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் கைப்பை ஞாபகம் வந்தது. ஹஸ்னாவின் காதுக் கருவி அதற்குள்தான் இருந்தது. மணலும் வியர்வையும் பட்டுப் பழுதாகாமல் இருக்க, விளையாட வரும்போது அவளே கழற்றி லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் தருவாள். அது இல்லாவிட்டால் காதுக்குப் பக்கத்தில் தகரத்தில் அடித்தாலும் அவளுக்குக் கேட்காது.

அப்போது ஒரு தகப்பன் கடலைக் காட்டிச் சொன்னார்: "ரீச்சர், அங்கை ஒரு பந்து மிதக்குது."

கரையிலிருந்து நல்ல தூரத்தில் மஞ்சளும் நீலமுமாக எங்கள் பந்து ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது.

ஹஸ்னாவின் உம்மா ஃபஸீலா தறப்பாளுக்குக் கீழே பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் விளையாடுவதைப் பார்க்க அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

எட்டாத வலை

ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கடற்கரைக் கரப்பந்தாட்டம் பழக்கும் எண்ணம் என்னுடையது அல்ல. அதிபருடையது.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் பலர் கடலில். தாய்மார் சிலர் நண்டு உடைக்கும் கம்பனியில், சிலர் வெளிநாட்டில். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்கு இடையில்தான் திரிவார்கள். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருவனை அலை இழுத்துவிட்டது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அந்தோனி அண்ணன் பாய்ந்து தலைமயிரில் பிடித்து இழுத்து வந்தார். பிள்ளை பிழைத்துவிட்டது. அதிபர்தான் பல நாள் நித்திரை இல்லாமல் திரிந்தார்.

"பின்னேரத்திலை இதுகளை ஒரு இடத்திலை வச்சிருக்க ஏதாவது செய்யேலாதோ, ரீச்சர்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் உடற்கல்வி ஆசிரியை. கரப்பந்தாட்டம்தான் எனக்கு நன்றாகத் தெரிந்த விளையாட்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகளின் கம்பம், வலை, பந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

முதல் நாள் பந்து ஒருமுறைகூட வலையைத் தாண்டவில்லை. அடிக்கிற பிள்ளை அடிக்கும், பந்து காலடியில் விழும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் பின்வரிசைப் பிள்ளைகள் மணலில் இருந்து நண்டு வளை தோண்டத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் பழையபடி வள்ளங்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

அடுத்த கிழமை டிலக்சனின் கைக்குப் பந்து சரியாக அகப்பட்டது. வயதுக்கு மிஞ்சிய பலம் அவனுக்கு. அவன் அடித்த அடி எதிரே நின்ற பிள்ளையின் மூக்கில் போய் விழுந்து சட்டை முழுக்க இரத்தம்.

அதிபர் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். "வேண்டாம் ரீச்சர், நிப்பாட்டுவம்."

"ஒரு மாதம் தாங்கோ, சேர். விளையாட்டைப் பிள்ளையளுக்கு ஏத்த மாதிரி மாத்திப் பாக்கிறன்."

"வொலிபோலை என்னண்டு மாத்துவியள்? அதுக்குச் சட்டம் இருக்கெல்லோ."

"சட்டத்தைத்தான் மாத்தப் போறன்."

"சரி, ஒரு மாதம். அதுக்குள்ள இன்னொரு மூக்கு உடைஞ்சால் பந்து அலுமாரிக்குள்ள."

ஒவ்வொரு சட்டமாக

முதலில் வலை இறங்கியது. அந்தோனி அண்ணன் தந்த பழைய வலைத் துண்டு ஒன்றை என் நெஞ்சளவு உயரத்தில் கட்டினேன். ஆடுகளத்தைப் பாதியாகக் குறுக்கினேன். ஒரு பக்கத்துக்கு நாலு பேர்தான்.

பிறகு பந்து. கடையில் விற்கும் மெல்லிய காற்றுப் பந்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் காற்றுக்கு அது பட்டம் மாதிரிப் பறந்தது. கடைசியில் பழைய கரப்பந்தையே எடுத்து, அமத்தினால் விரல் பதியும் அளவுக்குக் காற்றை இறக்கினேன். அது பறக்கவும் இல்லை, முகத்தில் பட்டால் நோகவும் இல்லை.

ஆனாலும் பிள்ளைகள் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தேன். வருகிற பந்தை உடனே அடி என்றால் பெரியவர்களுக்கே பயம் வரும். பிடிக்கலாம் என்று விட்டுவிட்டால்?

அன்று தொடக்கம் முதல் பந்தைப் பிடிக்கலாம் என்று சட்டம் வந்தது. பிடித்து, மனதுக்குள் மூன்று எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். பந்தோடு நடக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் சத்தமாகவே எண்ணினார்கள். ஒருத்தி "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணி, மூன்று வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொள்வாள்.

பந்து முதன்முதலாக வலைக்கு மேலால் போய், வந்து, திரும்பப் போனது. வள்ளத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கத் தொடங்கினார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் ஒருவர் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, "இது வொலிபோலும் இல்லை, எறிபந்தும் இல்லை. இதுக்கு என்ன பேர் ரீச்சர்?" என்று கேட்டார்.

"பேர் இன்னும் வைக்கேல்லை சேர்" என்றேன்.

குளத்துத் தரை

இன்னொரு சட்டமும் போட்டேன். வலையைத் தாண்டும் முன் பந்து குறைந்தது இரண்டு பேரின் கையில் பட்டிருக்க வேண்டும். ஒருவரே வாங்கி ஒருவரே அனுப்பினால் புள்ளி இல்லை.

டிலக்சனுக்கு இது பிடிக்கவில்லை. "நானே அடிச்சால் வெல்லலாம். குடுத்தால் இவள் விழுத்துவாள்."

"விழுத்தட்டும். குடு" என்றேன். அந்தச் சட்டத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

என் அப்பாவும் அம்மாவும் மலையகத்திலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியவர்கள். கூலிக்கு வயல் வேலை செய்தார்கள். வீட்டில் நாங்கள் "வாங்க" என்போம், ஊர்ப் பிள்ளைகள் "வாங்கோ" என்பார்கள். அந்த ஒரு எழுத்திலேயே எங்களை இனங்கண்டுவிடுவார்கள்.

கோடையில் குளம் வற்றியதும் நானாட்டான் பக்கத்துப் பெரிய பெண்கள் குளத்துத் தரையில் வலை கட்டி விளையாடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தது. "நீயும் நில்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வந்த சந்தோசம் சொல்ல முடியாது. அம்மாவிடம் கெஞ்சி நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பின்னேரம் முழுக்க மூலையில் நின்றேன். பந்து என் பக்கம் வந்தால் யாராவது ஒரு அக்கா பாய்ந்து வந்து, என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு அடிப்பார். இருட்டும் வரையும் என் விரல் பந்தில் படவேயில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா "எப்புடி விளையாடின?" என்று கேட்டார். "நல்லா" என்றேன்.

பிறகு பள்ளிக்கூட அணியில் ஆடினேன், மாவட்டத்துக்கும் ஆடினேன். ஆனாலும் வெறுங்கையோடு நின்ற அந்தப் பின்னேரம் மனதை விட்டுப் போகவில்லை. என் ஆடுகளத்தில் எந்தப் பிள்ளைக்கும் அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன்.

டிலக்சன் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தைக் கொடுத்தான். மூன்றாம் கிழமை அவன் பின்வரிசைப் பிள்ளைக்கு "கையை விரி, பயப்பிடாதை, மெதுவாத் தாறன்" என்று சொல்லிக் கொடுப்பதைக் கேட்டேன். அன்றைக்கு நான் அதிபரிடம் போய் ஒரு மாதம் முடிந்துவிட்டது என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார். பந்து அலுமாரிக்குள் போகவில்லை.

ஃபஸீலாவின் கேள்வி

ஹஸ்னா தினமும் பள்ளிக்கூடப் படலை வரைக்கும் மற்றப் பிள்ளைகளோடு வந்து, அங்கேயே நின்றுவிடுவாள். ஒருநாள் நான் அவர்களின் வீட்டுக்குப் போனேன்.

ஃபஸீலா கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். மகளையும் கரைக்கு விளையாட விடச் சொல்லி நான் கேட்டு முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்:

"மத்தப் புள்ளைகள பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும் ரீச்சர். இது பாக்காது. கூப்பிட்டாக் கேக்காத புள்ளய கடலுக்குப் பக்கத்துல எப்படி விடுற?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன்.

விசிலை முதலில் மாற்றினேன். விசில் ஊதும்போது ஒரு சிவப்பு லேஞ்சியையும் தலைக்கு மேலே உயர்த்துவேன். லேஞ்சி தெரிந்தால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். ஹஸ்னாவுக்காகக் கொண்டுவந்தது எல்லோருக்கும் உதவியது. காற்று இரைச்சலில் விசிலைக் கேட்காதவர்களும் லேஞ்சியைப் பார்த்தார்கள்.

அடுத்தது கடல். அதுவரைக்கும் பந்து கடலுக்குப் போனால் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள். எடுத்து வருகிறவருக்குத்தான் அடுத்த அடி என்று அவர்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அதை நிற்பாட்டினேன்.

பந்து கடலுக்குப் போனால் எல்லோரும் நின்ற இடத்திலேயே மணலில் சம்மணம் கட்டி இருக்க வேண்டும். ஒரு கையைத் தூக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பந்தை எடுத்துத் தன் கையில் உயர்த்திக் காட்டும் வரைக்கும் கையை இறக்கக் கூடாது. எழும்பினால் எதிர்ப் பக்கத்துக்குப் புள்ளி.

"எங்களுக்கு நீந்தத் தெரியாதோ, ரீச்சர்?" என்றான் டிலக்சன்.

"தெரியும். இருந்தாலும் இரு."

பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டத்துக்கு நடுவில் எட்டுப் பிள்ளைகள் மணலில் இருந்து கையைத் தூக்கிக்கொண்டு, ஒரு மனுசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மனுசன் அநேகமாக அந்தோனி அண்ணன். "என்னைப் பாத்துச் செபம் செய்யிற மாதிரி இருக்குது" என்பார்.

நான் திரும்பவும் ஃபஸீலாவிடம் போய் இரண்டு சட்டத்தையும் சொன்னேன். அவர் கடல் சட்டத்தை அவ்வளவாகக் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹஸ்னா என் வாயையும் தாயின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் உங்கள நம்பித்தான் விடுறன்" என்றார்.

அந்தச் சொல்லை நான் தினமும் கரைக்குக் கொண்டுபோனேன்.

மூன்று பேர்தான் வந்தார்கள்

அந்தச் சொல்லோடுதான் அன்றைக்கும் நின்றேன். முன்னால் மூன்று பிள்ளைகள், கைப்பைக்குள் காதுக் கருவி, கடலில் ஒரு பந்து.

அந்தோனி அண்ணனும் இன்னும் இரண்டு மூன்று பேரும் ஓடித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருவர் வள்ளத்தைத் தள்ள ஆள் கூப்பிட்டார். அதிபர் செருப்போடு முழங்காலளவு தண்ணீரில் நின்று, கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்தார்.

ஃபஸீலா எழும்பியதை நான் காணவில்லை. தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்ததைத்தான் கண்டேன். அபாயா நனைந்து காலில் சுற்றியது. ஓடிப்போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை. "விடுங்க ரீச்சர், விடுங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே முன்னால் இழுத்தார். கத்திக் கூப்பிட்டுப் பயனில்லை என்பது அந்தக் கரையில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எல்லோரும் பந்தையே பார்க்கிறோம். பந்து இப்போது இருக்கிற இடம் காற்றுக் கொண்டுபோன இடம். அது தண்ணீரில் விழுந்த இடம் வேறு. காற்று அன்று சரிவாகத் தலைமன்னார்ப் பக்கம் வீசியது. நாங்கள் பிளேன்ரீ குடித்த நேரத்தில் பந்து கரையோரமாக உருண்டு, வள்ளங்களைத் தாண்டித்தான் கடலுக்குள் இறங்கியிருக்கும்.

ஹஸ்னா பின்னால் ஓடியிருப்பாள். ஓடி, பந்து தண்ணீரில் விழுவதைக் கண்டிருப்பாள். கண்டதும் என்ன செய்திருப்பாள்?

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஃபஸீலாவின் கையைக் கொடுத்துவிட்டுக் கரையோரமாக ஓடினேன். முதல் வள்ளத்துக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அடுத்ததற்குப் பின்னால் நாய் ஒன்று படுத்திருந்தது. அதற்கும் அப்பால், கவிழ்த்து வைத்த பழைய வள்ளம் ஒன்று. அதைச் சுற்றி வந்தேன்.

ஈர மணலுக்கு ஒரு எட்டு முன்னால் ஹஸ்னா கடலைப் பார்த்துக்கொண்டு சம்மணம் கட்டி இருந்தாள். வலது கை தலைக்கு மேலே இருந்தது. அது உளைந்துபோய்விட்டதால் இடது கையால் முழங்கைக்குக் கீழே முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தாள்.

என் நிழல் மணலில் விழுந்ததும் திரும்பினாள். பந்தைக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி முகத்தைச் சுழித்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டேன். அவளின் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் பந்தைக் காட்டினாள். பெரியவர் ஒருவரின் கைக்குப் பந்து இன்னும் வரவில்லை.

நான் எழும்பி, சிவப்பு லேஞ்சியை எடுத்து, தண்ணீரில் நின்றவர்களைப் பார்த்து வீசினேன். "இருக்கிறா, இஞ்சை இருக்கிறா" என்று கத்தினேன். எல்லோரும் கரைக்கு ஓடி வந்தார்கள், அந்தோனி அண்ணனைத் தவிர. அவர் நான் காட்டிய திசையில் ஒருமுறை பார்த்தார். தூக்கிய கையைக் கண்டுவிட்டுப் பந்தை நோக்கி நீந்தத் தொடங்கினார்.

ஃபஸீலா வந்து மகளின் முகம், தலை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். உடுப்பில் ஒரு துளி ஈரம் இல்லை. மடியில் இழுத்து வைத்து இறுக்கிப் பிடித்தார். அதற்குள்ளும் அந்தக் கை மேலேதான் நின்றது.

"இது ஏன் ரீச்சர் கையத் தூக்கிட்டே இருக்கு?"

நான் சொன்னேன். சட்டத்தை இரண்டாம் தடவையாக அவருக்குச் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல் கேட்டார்.

தூரத்தில் அந்தோனி அண்ணன் பந்தைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். ஹஸ்னா கையை இறக்கித் தோளை உருட்டித் தேய்த்துக்கொண்டாள். பிறகுதான் தாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள்.

மிச்ச ஆட்டம்

அதிபர் ஈரச் செருப்பைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். "போதும் ரீச்சர். இண்டைக்கு இதோட மூடுவம். அந்த அம்மா இனி ஒருநாளும் பிள்ளையை விடமாட்டா. அவவைக் குறை சொல்லவும் ஏலாது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வலையை அவிழ்க்கக் கம்பத்தடிக்குப் போனேன்.

"ஏன் அவுக்கிறீங்க?" பின்னால் ஃபஸீலா நின்றார். அபாயாவின் கீழ்ப்பக்கம் முழுக்க மணல். "எண்ட புள்ள ஒண்டும் பிழையாச் செய்யல்லயே. அவக்கு இன்னும் ஒரு ஆட்டம் இருக்காம். கையால காட்டிக்கிட்டே இருக்கா."

அதிபர் என்னைப் பார்த்தார். அவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, தறப்பாளுக்குக் கீழே போய் இருந்துகொண்டார்.

விசிலைக் கைப்பைக்குள் போட்டேன். லேஞ்சியை மட்டும் உயர்த்தினேன். பிள்ளைகள் வந்து நின்றார்கள். டிலக்சன் முதல் பந்தைப் பிடித்து ஹஸ்னாவுக்குக் கொடுத்தான். அவளின் கை இன்னும் உளைந்திருக்க வேண்டும், பந்து வலையில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். தாய்மார் பக்கத்தில் எல்லாரையும் விடக் கூடுதலாகக் கைதட்டியவர் ஃபஸீலா.

எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போகும் பின்னேர பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். கால்விரல் இடுக்கெல்லாம் மணல். பஸ் தீவை விட்டுப் பாலத்தில் ஏறி இரு பக்கமும் தண்ணீர் தெரிந்தது மட்டும் நினைவு இருக்கிறது.

யாரோ தோளைத் தட்டினார்கள். கொண்டக்டர்.

"ரீச்சர், நீங்கள் முருங்கனில எல்லோ இறங்கிறனியள்? அது தாண்டியிட்டுது, இது மடு றோட். நல்ல நித்திரை போல, எழுப்ப மனம் வரேல்லை."

இறங்கி வீதிக்கு மறுபக்கம் போய் நின்றேன். திரும்பிப் போகிற பஸ் வரக் கன நேரம் ஆகும் என்று அங்கே நின்றவர் சொன்னார். ஆகட்டும் என்றேன்.